காலமானவர் பேசுகிறேன்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் இந்தக் குடும்பத்தை நல்லபடியாகத்தான் விட்டுவிட்டு வந்தோம். அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா மருந்துக் கடைக் கவுன்டரில் நிற்பவள். பெற்றது ஒன்றே ஒன்று. பதினேழு வயசு, வீட்டுப் பெயர் சுண்டெலி. அவள் ஆசைப்பட்ட கல்லூரியில், கட்டடப் பாதுகாப்புப் படிப்புக்கு, முழு உதவித்தொகையோடு இடம் ஒதுக்கியிருப்பதாகத் தகவல் வந்தது. சான்றிதழ்களைப் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. அதைக் கேட்டு அம்மா கவுன்டரிலேயே நின்று அழுதாள். தனியார் ஆலோசகரை வைத்தது தண்டச் செலவு என்று மூன்று மாதமாகச் சாதித்துக்கொண்டிருந்த அப்பா வாயை மூடிக்கொண்டார்.

மூடிய வாய் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்குத் திறந்தது.

லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறுகிற வேலை என்றால் அப்பா போனை மொட்டை மாடி மெஷின் ரூமில் வைத்துவிட்டுத்தான் இறங்குவார். அன்றைக்குக் கூண்டின் உருளைகளை மாற்றிவிட்டு, கையெல்லாம் கிரீஸோடு மேலே வந்து சேரவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. தெரியாத நம்பர். முழங்கையால் அழுத்திப் பேசினார்.

"சார், கல்லூரி சேர்க்கை அலுவலகத்துலேர்ந்து பேசுறேன்," என்றது ஒரு பெண்குரல். அமைதியான குரல். "உங்க வீட்டுப் பொண்ணோட உதவித்தொகை விஷயமா ஒரே ஒரு சான்றிதழ் பாக்கி. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வந்துட்டா நல்லது."

"என்ன வேணும்னு சொல்லுங்கம்மா, உடனே அனுப்பிடலாம்."

"அவங்க அப்பாவோட இறப்புச் சான்றிதழ்."

அப்பா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி காதில் வைத்தார்.

"யாரோட?"

"அப்பாவோட சார். லிஃப்ட் விபத்துல தவறிட்டாரே, அவரோட. விண்ணப்பத்தோட அவ எழுதி அனுப்பின கட்டுரையைப் படிச்சுட்டு எங்க ஆபீஸ்ல ரெண்டு பேர் அழுதுட்டாங்க. 'பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் அப்பாவுக்காகக் காத்திருந்தேன்'னு எழுதியிருக்கா பாருங்க... ஒன்பது வயசுப் பிள்ளை. எப்படித்தான் தாங்கிச்சோ." குரல் கொஞ்சம் தழுதழுத்தது. "நீங்க அந்தப் பொண்ணுக்கு என்ன உறவு சார்?"

உயிரோடு இருக்கிற எந்த மனிதனுக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். அப்பா யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"சொந்தக்காரன்," என்றார்.

"தூரத்துச் சொந்தமா?"

"இல்லம்மா. கிட்டத்துச் சொந்தம்தான்."

"நல்லது சார். நீங்க கூட இருந்து பார்த்துக்கிறது பெரிய விஷயம்."

போனை வைத்த பிறகு அப்பா அங்கேயே கருவிப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். எட்டு வருஷத்துக்கு முன்னால் நிஜமாகவே சாவைத் தொட்டுவிட்டு வந்தவர்தான். அன்றைக்குக்கூட இப்படி இடிந்து உட்காரவில்லை.

*

மருந்துக் கடையில் கவுன்டரில் நிற்பவர்கள் போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். அதனால்தான் விண்ணப்பத்தில் 'தொடர்புக்கு' என்ற இடத்தில் அம்மா கணவரின் நம்பரைக் கொடுத்திருந்தாள். செத்தவருடைய நம்பரை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இருமல் மருந்து கேட்டு நின்றிருந்த இரண்டு பேரைத் தாண்டி அப்பா முன்னால் வந்து நின்றார்.

"ஏங்க, என்ன இந்த நேரத்துல? முகமெல்லாம் ஏன் இப்படி இருக்கு?"

"நான் செத்துட்டேன்."

"விளையாடாதீங்க, ஆள் நிக்குறாங்க."

"நான் விளையாடலை. உன் கைகாட்டி மரம் விளையாடியிருக்கான். வெளியே வா."

கைகாட்டி மரம் என்பது ஆலோசகருக்கு அப்பா வைத்த பெயர். ஊருக்கெல்லாம் வழி காட்டும், தான் ஓர் அடி நகராது என்று அர்த்தம். அம்மாவுக்கு அந்தப் பெயர் பிடிக்காது.

கடை வாசலில், காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில், அவர் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்போது அம்மாவின் கை தானாக வாயைப் பொத்தியது. அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"ஐயையோ! என்ன வார்த்தை இது! எந்தப் பாவி இப்படி எழுதினான்?"

"உனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? கட்டுரையெல்லாம் அவரும் இவளும்தானே பார்த்துக்கிட்டாங்க?"

"அதான் நான் அன்னைக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். நம்ம பொண்ணைப் பத்தி எழுத வெளியாள் எதுக்குன்னு."

அம்மா நிமிர்ந்தாள். அதிர்ச்சியிலும் அவளுக்குக் கோபம் வரும். "எதுக்கா? நாப்பது பக்கம் ஃபாரம். நீங்க நிரப்புவீங்களா, நான் நிரப்புவேனா? படிச்சவங்க வீட்ல அப்பா அம்மாவே ஆலோசகர். நம்ம வீட்ல யாருங்க இருக்கா? இப்படி ஒரு படிப்பு இருக்குன்னே அந்த மனுஷன் சொல்லித்தான் நமக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமைகூட லீவு எடுக்காம நின்னு அவருக்கு ஃபீஸ் கொடுத்தேன்னா, அது ஆசையில இல்லை, பயத்துல!"

அது உண்மை. அப்பாவுக்கும் அது உண்மை என்று தெரியும்.

"சரி," என்றார். "வா. பயத்தை நேர்ல போய்ப் பார்த்துட்டு வரலாம்."

*

ஆலோசகரின் அலுவலகம் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே, இரண்டாவது மாடியில். செவ்வாய்க்கிழமைகளில் சுண்டெலிக்கு அங்கே சான்றிதழ் சரிபார்ப்பில் எப்படிப் பேசுவது என்று பயிற்சி. அப்பாவும் அம்மாவும் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, புன்னகை எந்த அளவுக்கு இருக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அந்தப் புன்னகை அப்படியே உறைந்தது.

அவளுக்குத் தெரியும் என்பது அந்த ஒரு நொடியிலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"வாங்க சார், வாங்கம்மா," என்று எழுந்தார் ஆலோசகர். மடிப்புக் கலையாத சட்டை, இரண்டு பேனா. ஆள் கெட்டவர் இல்லை, குரல்கூட உயராது. அதுதான் கஷ்டம்.

"என்னை எப்ப சாகடிச்சீங்க?" என்றார் அப்பா.

ஆலோசகர் பதறவில்லை. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"சார், நான் ஒரு வார்த்தைகூடப் புதுசா சேர்க்கலை. எல்லாமே உங்க பொண்ணு எழுதினதுதான். கட்டுரை ஐந்நூறு வார்த்தைக்குள்ள இருக்கணும். முப்பது வார்த்தை அதிகமா இருந்தது. கடைசிப் பத்தியை எடுத்துட்டேன், அவ்வளவுதான். அது கதையோட வேகத்தைக் குறைச்சது."

"கடைசிப் பத்தியில என்ன இருந்தது?"

"நீங்க திரும்பி வந்தது."

கீழே பல் ஆஸ்பத்திரியில் எதையோ குடைகிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

"நான் உயிரோட வந்தது வேகத்தைக் குறைக்குதா?"

"கட்டுரைன்னு பார்த்தா, ஆமாம் சார். வாசிக்கிறவங்க மனசுல கனம் நிக்கணும். நீங்க வந்துட்டா கனம் போயிடுது. எத்தனையோ கட்டுரை பார்த்தவன் நான், அனுபவத்துல சொல்றேன். அப்புறம், இறந்துட்டார்னு எங்கேயும் எழுதலை. அவங்களாப் படிச்சு, அவங்களாவே அப்பாவை இழந்த பிள்ளைங்க உதவித்தொகைப் பட்டியல்ல மாத்திட்டாங்க. நான் மாத்தச் சொல்லலை."

"தடுத்தீங்களா?"

"தடுக்கலை."

"ஃபாரத்துல அப்பா தொழில்னு ஒரு கட்டம் இருந்திருக்குமே?"

"அது கட்டாயமா நிரப்ப வேண்டிய கட்டம் இல்லை சார்."

பொய்யே சொல்லாமல் ஒரு மனிதனைக் கொல்ல முடியும் என்று அம்மா கனவிலும் நினைத்ததில்லை.

"அந்தப் பத்தியைக் கொடுங்க," என்றார் அப்பா.

ஆலோசகர் ஃபைலைப் புரட்டி ஒரு தாளை எடுத்து நீட்டினார். சுண்டெலியின் கையெழுத்து. அடிப்பகுதியில் சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு. அப்பா கோட்டுக்கு அடியில் இருந்ததை எழுத்துக் கூட்டுகிறவர் போல மெதுவாகப் படித்தார்.

'எட்டு மணிக்கு அப்பா தோளில் கட்டோடு வந்தார். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனேன். அன்று நான்கு மணியிலிருந்து எட்டு மணி வரை என் அப்பா இறந்திருந்தார். அது எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் இந்தப் படிப்பு.'

அப்பா தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அம்மாதான் பேசினாள்.

"யாருடி சொன்னது உனக்கு, அப்பா செத்துட்டார்னு?"

"மேல் வீட்டு ஆன்ட்டி," என்றாள் சுண்டெலி. "விபத்துன்னு போன் வந்ததும் நீ அவங்ககிட்ட என்னை விட்டுட்டு ஓடினியே. 'இனிமே உனக்கு அப்பா இல்லைம்மா'ன்னு சொல்லி சாதம் ஊட்டினாங்க. நான் சாப்பிட்டேன்."

எட்டு வருஷமாக அந்த வீட்டில் அந்த விபத்து ஒரு தமாஷ். லிஃப்ட் குழிக்குள், கூண்டுக்கு அடியில், குப்புறப் படுத்து மூன்று மணி நேரம் கிடந்ததை அப்பா எத்தனை விருந்தாளிகளிடம் நடித்துக் காட்டியிருக்கிறார்! ஒவ்வொரு தடவையும் மகள் எழுந்து உள்ளே போவாள். படிக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். அம்மா இப்போது அதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்.

ஆலோசகர் தொண்டையைக் கனைத்தார். "உணர்ச்சிவசப்பட வேண்டாம். வழி இருக்கு. அதே உதவித்தொகையில இன்னொரு வகை உண்டு, அப்பா குடும்பத்தோட இல்லாத பிள்ளைங்களுக்கு. விபத்துக்கு அப்புறம் சார் வீட்டை விட்டுப் போயிட்டார், எங்கே இருக்கார்னு தெரியாதுன்னு அம்மா ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும். கட்டுரைக்கும் இடிக்காது, சீட்டும் போகாது. உண்மையைச் சொன்னீங்கன்னா இந்த வருஷம் சீட்டு போச்சு. பேரு கெட்டா அடுத்த வருஷமும் போச்சு."

அப்பா சிரித்தேவிட்டார். கேட்கச் சகிக்காத சிரிப்பு. "செத்தவனை எழுப்ப வேண்டாம், ஓடிப்போனவனா ஆக்கிடலாம்கிறீங்க!"

அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். 'சீ, இது என்ன பேச்சு' என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தார்.

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைய நாளில் அப்பாவுக்கு விழுந்த இரண்டாவது அடி அது. முதல் அடியைவிட இதுதான் உள்ளே இறங்கியது. மகளின் கையைப் பிடித்து எழுப்பினார். "வாடா கண்ணு, போலாம்."

"நீங்க முன்னால போங்க," என்றாள் அம்மா. "நான் ஃபைலை வாங்கிட்டு வர்றேன்."

*

கீழே பஸ் நிறுத்தத்தில் அப்பாவும் மகளும் உட்கார்ந்தார்கள். இரண்டு பஸ் வந்து போயின.

"அந்த ஆள் வெட்டினது உனக்கு எப்ப தெரியும்?"

"அனுப்பறதுக்கு முன்னாடியே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே, என்கிட்ட?"

சுண்டெலி நகத்தைக் கடித்தாள். "அப்பா, அனுப்பற பட்டனை அவர் அழுத்தலை. விண்ணப்பம் என் பேர்ல இருக்கு, நான்தான் அழுத்தணும்னார். முழுசாப் படிச்சேன். நீங்க அதுல திரும்பி வரவே இல்லை. படிச்சுட்டுத்தான் அழுத்தினேன்."

அப்பாவுக்கு ஆலோசகர்மேல் கோபப்படுவது சுலபமாக இருந்தது. காலையிலிருந்து அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினார். இப்போது அதுவும் கையைவிட்டுப் போய்விட்டது.

"ஏன் கண்ணு?"

"அம்மா ஞாயித்துக்கிழமைகூட நின்னுட்டு வந்து காலுக்குத் தைலம் தேய்ப்பாங்கல்ல. அதைப் பார்த்துக்கிட்டே அழுத்தினேன்." பிறகு கேவி அழுதாள். "என்னைத் திட்டுங்கப்பா. திட்டவே மாட்டேங்கிறீங்க."

அவருக்குத் திட்ட வரவில்லை. கிரீஸ் கையைச் சட்டையிலேயே துடைத்துவிட்டு அவள் தலையில் வைத்தார். "உனக்கு ஒன்பது வயசுல கேட்டிருக்கணும். கேக்காதவன் நான்," என்றார்.

அம்மா ஃபைலோடு படியிறங்கி வருவதற்குக் கால் மணி நேரம் ஆனது. ஏன் இவ்வளவு நேரம் என்று யாரும் கேட்கவில்லை.

*

சாயங்காலம் நாலரை மணி. சமையலறை மேஜை. மேஜைமேல் போன்.

"நானே பேசுறேன்," என்றாள் சுண்டெலி.

"வேண்டாம், இன்னிக்கு வேண்டாம்," என்றாள் அம்மா படபடப்பாக. "ஒரு நாள் போகட்டும். யோசிச்சுப் பேசலாம்."

"நாளைக்கு சாயங்காலம் வரைக்கும்தான்மா டைம். எனக்கு இன்னிக்குத்தான் தைரியம் இருக்கு."

அவளே நம்பரைப் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள். காலையில் கேட்ட அதே அமைதியான குரல்.

"மேடம், இறப்புச் சான்றிதழ் இல்லை. எங்க அப்பா உயிரோட இருக்கார். காலையில உங்ககிட்ட பேசினதே அவர்தான்."

அந்தப் பக்கம் மேஜையில் விரல் தட்டுகிற ஓசை கேட்டது.

"அப்போ அந்தக் கட்டுரை?"

"எழுதினது எல்லாம் நடந்ததுதான் மேடம். ஆனா கடைசிப் பத்தி இல்லை. அதுல அப்பா வந்துடுவார்."

"யார் எடுத்தது?" குரலில் இப்போது அமைதி இல்லை. "வெளியாள் யாராவது உதவி பண்ணினாங்களா? இதைக் கவனமாகக் கேட்டுக்கோ. உனக்குத் தெரியாம வேற ஒருத்தர் மாத்தி அனுப்பியிருந்தா, உன் இடத்தைக் காப்பாத்த எனக்கு ஒரு வழி இருக்கு. தெரிஞ்சு அனுப்பியிருந்தா இல்லை. யார் அனுப்பினாங்க?"

அம்மா பாய்ந்து மகளின் தோளைப் பிடித்தாள். சத்தமில்லாமல், உதட்டை மட்டும் அசைத்து, 'அவர்னு சொல்லு, அவர்னு சொல்லு' என்றாள். அப்பாவுக்கும் மனசு அதைத்தான் சொன்னது. ஒரே ஒரு வார்த்தை. அதிலும் முக்கால் பங்கு உண்மை. நாலு வருஷப் படிப்பு அந்த வார்த்தைக்குப் பின்னால் நின்றது.

"வெட்டினது ஆலோசகர்," என்றாள் சுண்டெலி. "படிச்சுப் பார்த்து அனுப்பினது நான்."

அம்மா அப்படியே நாற்காலியில் சரிந்தாள்.

"ஏன்?" என்றது குரல்.

"அப்பா செத்துட்டார்ங்கிற வரைக்கும்தான் கதை நல்லாருக்குன்னாங்க மேடம். எனக்கு அந்தச் சீட்டு வேணும்னு இருந்தது."

"இதை நான் முடிவு பண்ண முடியாது," என்றாள் அந்தப் பெண். "சேர்க்கைக் குழு வெள்ளிக்கிழமை கூடுது. பத்து மணிக்கு வா. நீ மட்டும். அப்பா அம்மா வேண்டாம், ஆலோசகர் வேண்டவே வேண்டாம். எழுதி எடுத்துட்டும் வராதே. அந்தக் கடைசிப் பத்தியை வாயால சொல்லு. என்ன நடக்கும்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது." ஒரு நொடி தயங்கினாள். "எனக்கு இன்னிக்கு நீ கொடுத்த அதிர்ச்சி கொஞ்சநஞ்சம் இல்லைம்மா. ஆனா பொய் இத்தோட முடிஞ்சுதுன்னா, கேக்க நாங்க தயார்."

போன் அணைந்தது. அப்பா மகளைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொண்டார். மூன்று மாதத்தில் இவ்வளவு சந்தோஷமும் இவ்வளவு துக்கமும் அவருக்கு ஒன்றாக வந்ததில்லை. "போதும் கண்ணு. சீட்டு போனாலும் போகட்டும். இது போதும்."

"போதாது," என்றாள் அம்மா.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"பொய் இத்தோட முடியலை. நீங்க ரெண்டு பேரும் கீழே இறங்கினதும் அவர் அந்தப் பேப்பரை எடுத்து வச்சார். சீட்டு போயிடும், போயிடும்னு திருப்பித் திருப்பிச் சொன்னார். பயம் என் கண்ணை மறைச்சுடுச்சு." சேலை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "கையெழுத்துப் போட்டுட்டேன். மூணு மணிக்கே கல்லூரிக்கு அனுப்பிட்டேன்னு அவர்கிட்டேர்ந்து மெசேஜ் வந்துடுச்சு. அந்த அம்மா இன்னும் பார்க்கலை போல."

"என்ன எழுதியிருக்க?" என்றார் அப்பா. தெரிந்தே கேட்டார்.

"நீங்க எங்களை விட்டுட்டுப் போயி எட்டு வருஷம் ஆச்சுன்னு."

அப்பா மகளை விட்டார். மேஜையிலிருந்த தண்ணீரை எடுத்தார், குடிக்காமலே வைத்தார். வாசலுக்குப் போய்ச் செருப்பில் காலை நுழைத்தார்.

"ஏங்க! எங்கே போறீங்க?"

"எங்கே போயிட்டேன்னு எழுதிக் கொடுத்தியோ, அங்கேதான்."

அம்மா நாற்காலியை விட்டு எழவில்லை. சுண்டெலிதான் செருப்புகூடப் போடாமல் படியில் இறங்கி ஓடினாள்.